மயில் கழுத்து ரயில்

நம் தெருவில் என்னோடு பாண்டி ஆடியவர்களுக்கும், பஜனை கோயில் சுண்டலுக்கு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை, அம்மன் சாட்சி.

நம் ஊருக்கு ரயில் கிடையாது. ஆரணி ரோடு என்று பலகை வைத்த ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் போய், ரைஸ் மில் தவிட்டு நெடியில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், நம் ஒரே தெருவில், நாலு ஆம்பளைகள் வீட்டுக்குள் ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். நினைவிருக்கிறதா? எமர்ஜென்சி முடிந்து அடுத்த வருடம். எனக்குப் பதினோரு வயது.

முதல் ஆள் மாஸ்டர். களம்பூரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நம் பஜனை கோயிலுக்கும் அவர்தான் பெரியவர். இரண்டாவது, ரேடியோ ரிப்பேர் செய்யும் மாமா. அவர் பேச்சில் பாதி கேலி, மீதி இருமல். மூன்றாவது என் பெரியப்பா. நாலாவது என் அப்பா.

பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வீட்டில் பிறந்து, பாகம் பிரித்து, நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டவர்கள். இந்தப் பக்கம் எங்கள் தறி, அந்தப் பக்கம் அவர் தறி. காலையில் அப்பா குறுக்கு நூல் இழுக்கும் நாடாவை ஓட்டினால், அந்தச் சத்தம் கேட்டதுமே அந்தப் பக்கம் பெரியப்பாவும் உட்கார்ந்துவிடுவார். யார் முதலில் எழுந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுபோல இரண்டு தறியும் பொழுது சாய்கிறவரை அடித்துக்கொள்ளும். சுவர் ஆள் உயரத்துக்கு மேல் போகவில்லை. மேலே பரண் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகவே கிடந்தது.

ரயில் விடுவது எப்படி வந்தது என்றால், பஜனை கோயில் நவராத்திரிக் கொலுவால் வந்தது. கொலுப் படிக்குப் பக்கத்தில் பார்க் கட்டுவோம் அல்லவா, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடியைப் போட்டுக் குளம் என்று சொல்லி. ஒரு வருடம் மாஸ்டர் அந்தப் பார்க்கைச் சுற்றி ஒரு சாவி கொடுக்கும் தகர ரயிலை ஓட விட்டார். அவ்வளவுதான். மறு வருடம் நாலு பேரும் ஆளுக்கொரு ரயில் காட்சி செய்ய ஆரம்பித்தார்கள். நாலில் எது நன்றாக இருக்கிறதோ, அதை மாஸ்டர் மகாளய அமாவாசையன்று சொல்வார். அந்த ஒன்றுதான் ஒன்பது நாளும் அம்மன் முன்னால் ஓடும். இரண்டு வருடமாகப் பெரியப்பாவின் ரயில்தான் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்ததும் கோயில் கூடத்தில் நாலு பேரும் உட்கார்ந்து, அந்த வாரம் செய்ததை வெளியே எடுப்பார்கள். மஞ்சள் பையிலிருந்து சிக்னல் கம்பம் வரும். துண்டு முடிச்சிலிருந்து பாலம் வரும். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொடக்கூடாது என்று மாஸ்டர் சட்டம் போட்டிருந்தார். சட்டம் இல்லாவிட்டால் கைகலப்பாகியிருக்கும்.

நான் எப்போதும் அப்பாவின் முட்டியோரம் உட்கார்ந்திருப்பேன். தண்டவாளத்துக்குப் பெட்டி கட்டும் இரும்புப் பட்டையை நீளவாக்கில் கத்தரிப்பது அப்பா. அதற்குக் குறுக்கே ஒட்ட ஐஸ் குச்சிகளைப் பள்ளிக்கூட வாசலில் பொறுக்கிக் கழுவிக் காயவைப்பது நான். காகிதக் கூழில் வெந்தயம் அரைத்துக் கலந்து மலை செய்தோம். அந்த வெந்தய வாசனை என் விரலில் புரட்டாசி முழுக்க இருக்கும். எங்கள் மலையில் குகை உண்டு. பெரியப்பா கிழிந்த குடைகளின் கம்பியைப் பிரித்து ஒரு பாலம் செய்திருந்தார். பொய் சொல்லக்கூடாது, அந்தப் பாலம் அழகு. ரேடியோ மாமா மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்டுவார். பாதி நாள் ஓடாது. மாஸ்டரின் இன்ஜின் புகைபோக்கியில் ஊதுபத்தித் துண்டு சொருகியிருக்கும். அம்மன் முன்னால் வரும்போது தானே தூபம் போட்டுக்கொண்டு வரும்.

அந்தக் கூடத்தில் யாரும் யாரையும் வாய்விட்டுப் பாராட்டி நான் கேட்டதில்லை.

"தம்பி, உன் மலை உக்காந்துகினே போவுதே, அதுக்கு மூலமா?" என்பார் பெரியப்பா.

"மலை நிக்கும்ணா. உங்க பாலத்துமேல கொசு உக்காராம பாத்துக்குங்க" என்பார் அப்பா.

"நீங்க ரெண்டு பேரும் பேசினே இருங்க, எனக்கு ரயிலே வேணாம், இதுவே போதும்" என்று ரேடியோ மாமா சிரித்து இருமுவார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா சொல்வாள்: "நீங்க ரயில் ஒண்ணும் வுடல. வயித்தெரிச்சல வுட்டுகினு கீறீங்க. அதுக்கு ஒரு சாமி, அதுக்கு ஒரு கொலு."

அம்மா சொன்னது சரி. மற்ற நாளில் சகோதரர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலைக் காட்டும் சாக்கில்தான் ஆறு நாள் விஷத்தையும் இறக்குவார்கள்.

அந்த வருடம் அப்பா ரயில் பெட்டிகளைத் தறி அட்டையில் செய்தார். நம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். புடவையில் மயிலோ மாங்காயோ விழ வேண்டுமென்றால், அந்தச் சித்திரத்தை வரிவரியாகப் பிரித்து, ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று ஓட்டை போட்டுவைப்பார்கள். அட்டைகளை நம்பர் போட்டு, கயிற்றால் வரிசையாகக் கோத்து, தறிக்கு மேலே மாலைபோலத் தொங்கவிடுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. அட்டை கோப்பது எங்கள் வீட்டில் என் வேலை. சின்ன விரல், முடிச்சு இறுகி விழும்.

அந்த அட்டையின் ஓட்டைகளை ஜன்னலாக்கிவிடலாம் என்பது அப்பாவின் யோசனை. நல்ல யோசனை. ஆனால் எங்களிடம் இருந்தவை பழைய அட்டைகள், எண்ணெய் இறங்கித் துவண்டவை. அதில் செய்த பெட்டி ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் வைத்ததுமே ஒரு பக்கம் சாய்ந்தது.

பெரியப்பா குனிந்து பார்த்தார். "இன்னாடா இது? நனைஞ்ச அப்பளத்துக்குச் சக்கரம் மாட்டினு வந்துக்கிற?"

ரேடியோ மாமா இருமல் வந்து கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர்கூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். அப்பா பெட்டியைத் திரும்பத் துண்டில் முடிந்தார். முடிச்சு விழவில்லை. நான்தான் முடிந்து கொடுத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். பெரியப்பா வீட்டில் எல்லோரும் சேவூரில் ஒரு காரியத்துக்குப் போயிருந்தார்கள். அப்பா பரணைக் காட்டினார்.

"செகப்புக் கயிறு கட்டினது ஒண்ணு இருக்கும். அதுல நூத்திப் பதிமூணுல இருந்து இருபத்து நாலு அட்டை எடு. எடுத்துட்டு மிச்சத்த பழையபடி கோத்து வெச்சிட்டு ஜல்தியா எறங்கு."

"அது பெரியப்பாது ஆச்சே?"

"நான் போட்ட மயிலுடி அது. மூணு மாசம் உக்காந்து கட்டம் கட்டமா நான் போட்டது. பாகத்துல அவன் தூக்கினு போனான். உங்கப்பன் பொருள நீ எடுக்கறதுக்கு யாரு கேக்கணும்?"

ஏறினேன். பரணில் தூசியும் எலிப்புழுக்கையும் பழைய புளிப் பானை வாசனையும். சிவப்புக் கயிற்றுக் கட்டில் புது அட்டைகள் விறைப்பாக இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பெரியப்பா ஊதா மையில் எழுதிய நம்பர். நூற்றுப் பதிமூன்றிலிருந்து நூற்று முப்பத்தாறு வரை கயிற்றை அறுத்து எடுத்தேன். மிச்சத்தைக் கோத்தேன். அன்று போட்ட முடிச்சுபோல நான் வாழ்நாளில் நல்ல முடிச்சு போட்டதில்லை.

ஏன் அந்த நம்பர் என்று நான் கேட்கவில்லை. விறைப்பான அட்டை வேண்டுமென்றால் முதல் இருபத்து நாலையே எடுக்கச் சொல்லியிருக்கலாம். இது புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது.

ஆறு பெட்டி வந்தது. ஒரு பெட்டிக்கு நாலு அட்டை. அப்பா சிவப்புக் காவி பூசி, உள்ளே டார்ச் பல்பு வைத்தார். அடுத்த ஞாயிறு கூடத்தின் ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட விட்டார். ஓட்டைகள் சித்திரத்துக்காகப் போட்டவை. ஓர் இடத்தில் நாலு சேர்ந்திருக்கும், ஓர் இடத்தில் இருக்காது. இருட்டில் பார்த்தால் சில ஜன்னல் திறந்து, சில ஜன்னல் சாத்தி, ஆள் ஏறிய நிஜ ரயில் போவதுபோல இருந்தது. குகைக்குள் போய் வெளியே வந்தபோது மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். பழக்கம். ஸ்டேஷனில் ரயில் வந்தால் நிற்கிற ஆள்.

"லைன் கிளியர்" என்றார்.

அந்தக் கூடத்தில் அதற்கு மேல் பெரிய வார்த்தை கிடையாது. பெரியப்பா தன் பாலத்தைத் துண்டில் முடிந்துகொண்டிருந்தார். அன்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பதினோரு வயதுப் பெண்ணை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இறங்கவும் மனம் இல்லை.

அந்த ஐப்பசியில் பெரியப்பா பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அக்காவின் முகூர்த்தப் புடவையைப் பெரியப்பா தன் கையாலேயே நெய்தார். முந்தியில் மயில் வைக்க வேண்டுமென்று அக்கா கேட்டிருந்தாள். சிவப்புக் கயிற்றுக் கட்டைப் பரணிலிருந்து இறக்கித் தறியில் மாட்டினார்கள். எனக்கு அந்தத் தறிச் சத்தம் கேட்கும். ஒரு மத்தியானம் அது நின்றது. கொஞ்ச நேரம் ஓடியது. மறுபடியும் நின்றது. பெரியம்மா ஏதோ கேட்டாள்.

ஜரிகையில் இரண்டு மயில் விழுந்திருந்தது. தோகை இருந்தது, கால் இருந்தது, கொண்டை இருந்தது. கழுத்து இல்லை. தலை நேராக உடம்பின்மேல் உட்கார்ந்திருந்தது. கல்யாணப் புடவையில் கழுத்தறுந்த மயில். அதற்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

பெரியப்பா சண்டைக்கு வரவில்லை. மூன்று நாள் காத்திருந்து மகாளய அமாவாசையன்று கோயிலுக்கு வந்தார். மாஸ்டர் யார் ரயில் என்று சொல்லப்போகும் நாள். கூடம் நிறைந்திருந்தது, நீங்களும் இருந்தீர்கள். பெரியப்பா தன் பாலத்தைக் கொண்டுவரவில்லை. தறியிலிருந்து அறுத்த அந்த முந்தித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கேட்காமல் அப்பாவின் ரயில் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தார். நகத்தால் காவியைச் சுரண்டினார். ஊதா மை தெரிந்தது.

"மாஸ்டர், படிங்க."

மாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "நூத்தி இருபது."

"என் கையெழுத்து. என் பொண்ணு பொடவ மயிலோட கழுத்து. என் தம்பி அதுக்குச் சக்கரம் மாட்டி ஓட்டிகினு கீறான்."

அப்பா முகம் மாறவே இல்லை. "கொழந்த எடுத்துகினு வந்துச்சு. பழைய அட்டைன்னு நெனச்சிச்சு. எனக்கு இன்னா தெரியும்?"

"கொழந்த தெரியாம எடுத்தா மேல இருந்து எடுக்கும், இல்ல கீழ இருந்து எடுக்கும். நடுவுல பிரிச்சி, சரியா கழுத்து மட்டும் எடுக்குமா? அந்தக் கழுத்து எத்தனையாவது நம்பர்ல வருதுன்னு இந்த ஊர்ல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் நான். இன்னொருத்தன் அத வரைஞ்சவன்."

"வரைஞ்சது நான்னு இப்பவாவது வாயில வந்துச்சே" என்றார் அப்பா.

கூடத்தில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் மாஸ்டர் கையைத் தூக்கினார். கற்பூரம் ஏற்றுவது என்று முடிவானது. வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, அதன்மேல் கையை வைத்து உண்மையைச் சொல்லி, உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் அதுதான் தீர்ப்பு. சந்தேகப்பட்டவர் வெற்றிலைத் தட்டு வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது.

மாஸ்டர் சொன்னார்: "அண்ணன் தம்பி எதிரெதிரா சத்தியம் பண்ணா குடும்பம் வெளங்காது. எடுத்தது இந்தப் பாப்பா. பாப்பாவே சொல்லட்டும், தானா எடுத்துச்சா, யாராவது சொல்லி எடுத்துச்சான்னு. கொழந்த பொய் சொல்லாது."

எல்லோரும் அது நியாயம் என்றார்கள். நல்ல மனிதர், படித்தவர், தினமும் பூஜை செய்கிறவர். பெரியவர்கள் தாங்க முடியாத பாரத்தைக் குழந்தையின் தலையில் வைத்தால் அது லேசாகிவிடும் என்று அவர் நம்பினார். எனக்குப் பேரன் பேத்தி வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தது.

கை கழுவ வேண்டும் என்று அப்பா என்னைக் கோயில் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"நானாதான் எடுத்தேன்னு சொல்லிடு. சின்னப் பொண்ணு, ஒனக்கு ஒண்ணும் ஆவாது. நான் மாட்டினா இந்தத் தெருவுல தலை தூக்க முடியாது. இன்னா, சொல்றியா?"

"அம்மன் கண்ணைக் குத்திடுமாப்பா?"

"குத்தாது. நம்ம ரயிலு ஒம்பது நாளு அம்மன் எதுர்ல ஓடப்போவுது. அம்மனுக்குத்தானே செஞ்சோம்?"

நான் தலையாட்டினேன்.

வாழைப்பட்டையில் கற்பூரம் எரிந்தது. நான் முன்னால் போய் நின்றேன். பாவாடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வலது பக்கம் அப்பா தரையில் உட்கார்ந்து, சாய்ந்துபோன பெட்டிகளைத் தண்டவாளத்தில் நேராக நிறுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. இடது பக்கம் பெரியப்பா. அவர் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் அன்பு ஒன்றும் இல்லை, அதை அப்படியே சொல்லிவிடுகிறேன். கோபம்தான் இருந்தது.

கையை நெருப்புக்கு மேலே கொண்டுபோனேன். சூடு உள்ளங்கையில் ஏறியது. "அம்மன் சாட்சியா" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை 'நானாதான்'. அது என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொல்லத்தான் இருந்தேன்.

பெரியப்பா சட்டென்று குனிந்து கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தார்.

விளக்கையே வாயால் ஊதக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். சத்தியத்துக்கு ஏற்றிய கற்பூரத்தை, எச்சில் வாயால், அம்மன் முகத்துக்கு நேராக. கரும்புகை என் முகத்தில் அடித்தது.

"போதும்" என்றார் பெரியப்பா. "கொழந்ததான் எடுத்திருக்கும். நான் தப்பா பேசிட்டேன். தட்டு கொண்டாங்க."

மாஸ்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னாய்யா பண்ணிட்ட. அம்மனுக்கு ஏத்துனத வாயால ஊதுவியா நீ."

"ஊதிட்டேன். இன்னா செய்யணுமோ செஞ்சிக்குங்க."

தட்டு வந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள். பெரியப்பா அதைத் தம்பிக்கு முன்னால் நீட்டி, "தப்பா சொன்னத மன்னிச்சிடு" என்றார். வேறு யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார். அப்பா எழுந்து நின்று, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு என்னிடம் திரும்பி, "சாவி குடும்மா, ஓடுதா பாப்போம்" என்றார்.

நான் சாவி கொடுத்தேன். ரயில் ஓடியது.

பெரியப்பாவைப் பஜனை கோயிலுக்குள் விடுவதில்லை என்று அன்றே பேசி முடித்தார்கள். சத்தியத்துக்குப் பயந்து நெருப்பை அணைத்தவன், பொய்க் குற்றம் சொல்லி மாட்டிக்கொண்டவன் என்று தெருவே பேசியது. ரேடியோ மாமாதான் அந்தப் பெயரை வைத்தார்: கப்பூரம் ஊதி. மறுநாளே அது உங்கள் வாயில் இருந்தது. அவர் தெருவில் நடந்தால் தூணுக்குப் பின்னால் நின்று "ஊதி, ஊதி" என்று கத்திவிட்டு ஓடுவீர்கள். உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஒருநாள் கூட்டத்தோடு கூட்டமாக நானும் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தது என்னைத்தான். அப்புறம் தன் வழியே போய்விட்டார்.

நவராத்திரி முதல் நாள் சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கம் வெந்நீர் அடுப்பிலிருந்து பெயின்ட் கருகும் நாற்றம் வந்தது. பெரியப்பா தன் தண்டவாளக் கட்டைகள், ஸ்டேஷன், சிக்னல் எல்லாவற்றையும் எரித்துக்கொண்டிருந்தார். குடைக்கம்பிப் பாலம் எரியாது. அது சாம்பல் குழியில் வளைந்து கிடந்ததை அப்புறம் பார்த்தேன். எங்கள் ரயில் ஒன்பது நாளும் அம்மன் முன்னால் ஓடியது. ஜனங்கள் சேவூரிலிருந்துகூட வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் சாவி கொடுத்தது நான்தான். அம்மன் முகத்தை மட்டும் அந்த ஒன்பது நாளும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த வாரமே பெரியப்பா கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை ஓடு வரை உயர்த்தினார். பரண் இரண்டானது. அக்கா கல்யாணத்துக்கு எங்களை அழைக்கவில்லை. மயில் இல்லாத வெறும் கரை போட்ட புடவையில் அக்கா மணையில் உட்கார்ந்ததாக அம்மா யாரோ சொல்லக் கேட்டு வந்து சொன்னாள். அந்தக் கழுத்தில்லாத மயில் துண்டைப் பெரியப்பா தூக்கிப் போடவில்லை. தறிமேட்டில் வைத்துக்கொண்டு எண்ணெய்க் கை துடைத்தார். அத்தனை ஜரிகையும் கறுத்துப்போகிறவரை துடைத்தார்.

அப்பா அப்புறம் கோயில் காரியங்களில் பெரிய ஆளானார். ரயில் மட்டும் மறு வருடத்தோடு நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நாலு பேர் மூன்றானதும் பேச்சில் ருசி போய்விட்டது என்றார் ரேடியோ மாமா. அவருக்கு அவர் கவலை. பெட்டிகளைக் கரையான் அரித்தது. இன்ஜின் எங்கே போனதென்று தெரியவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகி சேத்துப்பட்டுக்குப் போகும்போது, வீட்டுக்காரரோடு பெரியப்பா வாசலுக்குப் போனேன். காலில் விழக் குனிந்தேன். அவர் காலை மடக்கிக்கொண்டார்.

"ஆசீர்வாதம் ஓணும்னா உங்கப்பன் கால்ல வுழு. அவன்தான் சத்தியவான்."

உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்து நாடாவை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கு மேலே என் குரல் எழும்பவில்லை. எழுப்பியிருக்கலாம். நான் எழுப்பவில்லை.

அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன், அவர் படுக்கையில் விழுந்த பிறகு. "அன்னிக்கு ஏன்பா என்ன வுட்டு சொல்லச் சொன்ன?" அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அது அவன் மயிலா?" என்றார். அவ்வளவுதான் பதில். சாகும்வரை அவருக்குக் கணக்கு அந்த மயிலோடு நின்றுவிட்டது.

பெரியப்பா ஏன் ஊதினார் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. ஆனால் நான் அவருக்கு எதிரே நின்றவள். என் வாய் திறந்ததை அவர் பார்த்தார். அடுத்த வார்த்தை பொய் என்று அவருக்குத் தெரியும். அவர் சும்மா நின்றிருந்தால் போதும், அந்தப் பொய்யும் பாவமும் என்னைச் சேர்ந்திருக்கும், பெரியப்பாமேல் ஒரு பாவமும் வந்திருக்காது. குழந்தை அப்படிச் சொல்லிவிட்டது, சரி, என் சந்தேகம் தப்பு என்று வெற்றிலை வைத்துவிட்டுக் கோயிலுக்குள்ளேயே இருந்திருக்கலாம். எங்கள் வீட்டின்மேல் அவ்வளவு வெறுப்பு இருந்த மனிதர், பாவத்தைத் தன் வாயில் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் தீபாராதனை மணி அடிக்கும்போது பஜனை கோயிலுக்கு எதிர்ச்சாரியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. அவர் செத்த அன்று பாடை கட்டுகிற இடத்தில்கூட, "ஊதி போயிட்டாரு" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்யப்போகிறீர்கள், மலர் போடுகிறீர்கள், தெருவில் வளர்ந்தவர்கள் நினைவில் இருப்பதை எழுதி அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது. கூடவே, கோயிலுக்கு உழைத்த பெரியவர்கள் என்று மலரில் அச்சடிக்கப்போகிற பட்டியலும் வந்தது. மாஸ்டர் பெயர் இருக்கிறது. ரேடியோ மாமா பெயர் இருக்கிறது. அப்பா பெயர் இருக்கிறது. பெரியப்பா பெயர் இல்லை.

அட்டையை எடுக்கச் சொன்னது என் அப்பா. எடுத்தது நான். பெரியப்பா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அன்று அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரிலும் அம்மனுக்குப் பயந்தவர் அவர் ஒருவர்தான். இதை நான் கற்பூரம் இல்லாமலே சொல்கிறேன். வேண்டுமென்றால் கும்பாபிஷேகத்தன்று வந்து கற்பூரத்தோடும் சொல்கிறேன்.

பட்டியலில் அவர் பெயரைச் சேருங்கள். என் அப்பா பெயருக்கு மேலே போடுங்கள். அவர் மூத்தவர்.